மின்விளையாட்டு மன்றம் பள்ளிக்கு வரட்டுமா?

அண்மைக் காலமாக நமது மனநலப் பிரிவுக்குப் பிள்ளைகளை அழைத்து வரும் பெற்றோரின் கேள்வி மாறியிருக்கிறது. முன்பு, "எப்போதும் போனிலேயே இருக்கிறான், எப்படி நிறுத்துவது?" என்றார்கள். இப்போது, "இது இ-ஸ்போர்ட்ஸாம், பதக்கமெல்லாம் கொடுக்கிறார்களாம், தடுத்தால் என் எதிர்காலத்தைக் கெடுக்கிறீர்கள் என்கிறான். உண்மைதானா டாக்டர்?" என்கிறார்கள்.

பிள்ளை சொல்வது பொய்யன்று. 2018இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் மின்விளையாட்டு காட்சிப் போட்டியாக இடம்பெற்றது. அதில் குஜராத்தைச் சேர்ந்த தீர்த் மேத்தா வெண்கலம் வென்றார். 2023இல் ஹாங்சோவில் அதுவே முழுமையான பதக்கப் போட்டியாயிற்று. 2022 டிசம்பரில் இந்திய அரசு மின்விளையாட்டை விளையாட்டு அமைச்சகத்தின் பொறுப்பில் சேர்த்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்து, மின்விளையாட்டை அவற்றினின்று பிரித்து அங்கீகரித்தது. அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் கூடைப்பந்து அணியைப் போலவே இதற்கும் அணிகள் உண்டு. அந்நாட்டுப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பு 2018இலேயே இதற்கு இடமளித்துவிட்டது. ஜப்பானிலும் பள்ளிகளுக்கிடையே தேசியப் போட்டி நடக்கிறது. ஆகையால் இத்தகைய மன்றங்கள் கருங்கலுக்கும் திங்கள்நகருக்கும் மார்த்தாண்டத்துக்கும் ஒரு நாள் வரத்தான் போகின்றன. வந்தால் வரவேற்பதா, எதிர்ப்பதா?

எங்களுக்குள்ளேயே இதில் ஒருமித்த கருத்து இல்லை. கண் மருத்துவர் ஒரு பக்கம், குழந்தை மருத்துவர் ஒரு பக்கம். எனினும், நிபந்தனைகளோடு வரவேற்கலாம் என்பதே இக்கட்டுரையில் நாங்கள் எடுக்கும் நிலை. காரணம், மன்றம் இல்லாத இடத்தில் இப்போது என்ன நடக்கிறது என்பது எங்களுக்குத் தெரியும்.

நம் பகுதியில் பல வீடுகளில் தந்தை வளைகுடா நாட்டில் இருப்பார். கரையோர ஊர்களில் என்றால் ஆழ்கடலில் இருப்பார். வீட்டில் தாயும் பாட்டியும். கொரோனா காலத்தில் இணையவழி வகுப்புக்காக வாங்கிய அலைபேசி பையனின் கையிலேயே தங்கிவிட்டது. இரவு பதினொரு மணிக்குப் போர்வைக்குள் ஆட்டம் தொடங்குகிறது. கூட ஆடுபவர்கள் யார், எந்த ஊர், என்ன வயது என்று எவருக்கும் தெரியாது. ஓர் ஆட்டம் அரைமணி நேரம். நடுவில் நிறுத்தினால் அணிக்குத் துரோகம். "இன்னும் ஒன்று" என்று இரண்டு மணியாகும். காலை ஆறு மணிக்கு டியூஷன். பதின்ம வயதினருக்கு எட்டு முதல் பத்து மணி நேர உறக்கம் வேண்டும். அவ்வயதில் உடலின் கடிகாரமும் இயல்பாகவே சற்றுப் பின்தள்ளிப் போகும் என்பதால், இரவு விழித்திருப்பது அவர்களுக்கு எளிது, எழுவதுதான் கடினம். பள்ளியில் கவனமின்மை, எரிச்சல், தலைவலி என்று எங்களிடம் வருவதில் ஒரு பகுதி வெறும் தூக்கமின்மையே.

தடை போட்டால் தீராதா என்பீர்கள். தென்கொரியா 2011இல் பதினாறு வயதுக்குட்பட்டோர் நள்ளிரவு முதல் காலை ஆறு வரை கணினியில் இணைய விளையாட்டு ஆடத் தடை விதித்தது. பிள்ளைகள் பெற்றோரின் அடையாள எண்ணைப் பயன்படுத்தினார்கள். விளையாட்டும் அலைபேசிக்கு மாறியது. 2022 தொடக்கத்தில் அச்சட்டம் விலக்கப்பட்டது. நம் நாட்டிலும் 2020 செப்டம்பரில் பப்ஜி தடைசெய்யப்பட்டது. மறு ஆண்டே வேறு பெயரில் திரும்பி வந்தது. தடையால் பயனே இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது பாட்டியின் வேலையைச் செய்துவிடாது.

கால்பந்தை எண்ணிப் பாருங்கள். தூத்தூர் கடற்கரையில் பிள்ளைகள் ஆடும் ஆட்டத்துக்கு ஒரு முடிவு இருக்கிறது: கால் களைக்கும், பொழுது சாயும், தாய் கூப்பிடுவாள். மின்விளையாட்டில் இவற்றுள் எதுவும் தானாக நடப்பதில்லை. அந்த முடிவைக் கொடுப்பதுதான் பள்ளி மன்றத்தின் முதல் வேலை. வாரத்தில் இரண்டு மாலை, ஒன்றரை மணி நேரம், பள்ளியின் கணினி அறையில், ஆசிரியர் முன்னிலையில், எதிரில் முகம் தெரிந்த சக மாணவரோடு. தோற்றவன் எழுந்து வென்றவனின் கையைக் குலுக்க வேண்டும். முகம் தெரியாதவனை வைவது எளிது. அடுத்த பெஞ்சில் இருப்பவனை வைதால் நாளை அவன் முகத்தில் விழிக்க வேண்டுமே.

இதில் எங்களுக்கு மிக முக்கியமாகப் படுவது வேறொன்று. ஹீமோபீலியா உள்ள சிறுவனிடம், முட்டி மோதும் ஆட்டம் உனக்கு வேண்டாம் என்று சொல்பவர்கள் நாங்கள்தாம். சக்கர நாற்காலியில் இருப்பவன், டயாலிசிஸுக்கு வாரந்தோறும் வந்து போகிறவன், இதய அறுவை முடிந்தவன் என எல்லோரும் பள்ளியின் விளையாட்டு நாளில் நிழலில் உட்கார்ந்து கைதட்டுகிறவர்கள். அணிச்சட்டை என்பது அவர்களுக்கு எட்டாத பொருள். மின்விளையாட்டு மன்றத்தில் அவர்களுக்கு இடம் உண்டு, தலைவராகவும் ஆகலாம். வார்டில் மருந்து ஏறிக்கொண்டிருக்கும் கையோடு ஆடும் பிள்ளையைப் பெற்றோர் அதட்டுவதைக் காண்கிறோம். சற்றுப் பொறுங்கள். வகுப்புத் தோழரோடு அவனுக்கு மிஞ்சியிருக்கும் ஒரே தொடர்பு அந்த ஆட்டமாக இருக்கலாம்.

பெண் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். குரல் கேட்டதும் இழிவாகப் பேசும் இணைய வெளியை விட, ஆசிரியர் இருக்கும் அறை அவர்களுக்குப் பாதுகாப்பானது.

இனி நிபந்தனைகள். முதலாவது பணம். ஆடைக்கும் ஆயுதத்துக்கும் காசு கேட்கும் ஆட்டங்களில் பாட்டியின் வங்கிக் கணக்கிலிருந்து தொகை போன கதைகளைக் கேட்டிருக்கிறோம். பந்தயமும் விளையாட்டுக்குள் வாங்குதலும் மன்றத்தின் வாசலைத் தாண்டக் கூடாது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளில் பதினெட்டு வயதுக்குட்பட்டோர் சேர முடியாதென்று தமிழ்நாட்டின் 2025 விதிகளே சொல்லிவிட்டன. சென்னை உயர்நீதிமன்றமும் அவற்றை ஏற்றது. ஆட்டத் தேர்விலும் எச்சரிக்கை வேண்டும். துப்பாக்கி ஆட்டம் இல்லாமலேயே மன்றம் நடத்தலாம். ஹாங்சோவில் கால்பந்து மின்விளையாட்டுக்கும் பதக்கம் இருந்தது.

அடுத்தது மைதானம். ஐந்து முதல் பதினேழு வயது வரையுள்ளோர் நாள்தோறும் சராசரியாக ஒரு மணி நேரம் உடல் உழைப்போடு இயங்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உடற்கல்வி வகுப்பைக் கணக்கு ஆசிரியருக்குத் தாரைவார்க்கும் பள்ளி மின்விளையாட்டு மன்றம் தொடங்கத் தகுதியற்றது என்பது எங்கள் உறுதியான கருத்து. முதலில் பந்தைக் கொடுங்கள், பிறகு கணினியைத் திறக்கலாம்.

சிலருக்கு மருத்துவரின் ஒப்புதல் கட்டாயம். 1997 டிசம்பரில் ஜப்பானில் ஒரு கார்ட்டூன் தொடரில் வேகமாக மாறிய சிவப்பு, நீல ஒளியைப் பார்த்து அறுநூறுக்கும் மேற்பட்ட குழந்தைகள் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். வலிப்பு நோயுள்ள எல்லோருக்கும் ஒளியால் ஆபத்தில்லை. யாருக்கு உண்டு என்பதை மூளை மின்னலைப் பதிவு சொல்லும். அதுபோலவே, ஆட்டத்தின் பரபரப்பில் பிள்ளை ஒருமுறை மயங்கி விழுந்திருந்தால், "சாப்பிடாததால் வந்த கிறக்கம்" என்று விட்டுவிடாமல் இசிஜி எடுத்துப் பாருங்கள். அரிதாகச் சில பிறவி இதயத் துடிப்புக் கோளாறுகள் அப்படித்தான் முதலில் வெளிப்படுகின்றன.

இதையே தொழிலாகக் கொள்ளலாமா என்றால், மிகச் சிலரால் முடியும். உங்கள் பிள்ளை அவர்களுள் ஒருவன் என்று பன்னிரண்டாம் வகுப்புக்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டாம்.

அதிகம் ஆடுவது எல்லாமே நோயாகிவிடாது. 2022 முதல் நடைமுறையில் உள்ள உலக நோய் வகைப்பாட்டில் விளையாட்டுக் கோளாறு ஒரு நோயாக இடம்பெற்றுள்ளது. ஆட்டத்தின் மீது கட்டுப்பாடு இழத்தல், உணவு, படிப்பு, உறவு அனைத்தையும் விட ஆட்டமே முதன்மையாதல், தீங்கு கண்டும் விடாதிருத்தல் ஆகியவை பொதுவாக ஓராண்டு நீடித்து, அன்றாட வாழ்வைக் கெடுத்தால்தான் அப்பெயர். நிலை கடுமையாக இருந்தால் ஓராண்டு காத்திருக்க வேண்டியதில்லை. நேரில் வர இயலாதவர்கள் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை. எங்களிடம் வருவதானால், முந்தைய இரவு போனைப் பிடுங்கி உடைத்துவிட்டு வராதீர்கள். பிள்ளை அதைக் கையோடு கொண்டுவரட்டும். எந்த ஆட்டம், யாரோடு, எத்தனை மணி வரை என்பதை அவன் வாயாலேயே கேட்டுக்கொள்கிறோம்.