படகைக் குறைப்பது யாருக்கு விரோதம்?

பாக் விரிகுடாவில் ஓடும் விசைப்படகுகளின் உரிமங்களைச் சட்டப்படி குறைக்க வேண்டும் என்று யாராவது வாய் திறந்தால், பதில் தயாராக இருக்கிறது. அது மீனவர் விரோதம். கோளாறு படகில் இல்லை, கச்சத்தீவை இலங்கைக்குக் கொடுத்ததில் இருக்கிறது. மீன் பெருகத் தடைக்காலம் உண்டு, மாற்று வேண்டுமென்றால் ஆழ்கடல் திட்டம் உண்டு, இன்னொரு சட்டம் எதற்கு? கட்சி வேறுபாடு இல்லாமல் மேடைதோறும் இதைக் கேட்கிறோம். ஏற்காட்டு மலைமேல் இருப்பவனுக்குக் கடல் விவகாரத்தில் என்ன வேலை என்றும் சிலர் கேட்கலாம். ஐஸ் பெட்டியில் சேலத்துக்கு வந்து, அங்கிருந்து மலையேறும் கடல் மீனைத்தான் சேர்வராயன் மலையிலும் சமைக்கிறோம். அந்தப் படகுகளுக்கு வரிவிலக்கு டீசல் கொடுக்கும் அரசு நாம் கட்டும் வரியிலும்தான் நடக்கிறது. அதனால் பேசுகிறேன்.

முதலில் ‘மீனவர் விரோதம்’ என்ற குற்றச்சாட்டு. மீனவர் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். ராமேசுவரத்திலும் மண்டபத்திலும் கோட்டைப்பட்டினத்திலும் விசைப்படகு வைத்திருக்கும் உரிமையாளர் ஒருவர். அதில் பங்குக்கும் கூலிக்கும் போகிற நாலைந்து பேர் வேறு. வள்ளத்திலும் நாட்டுப்படகிலும் நண்டு வலையும் செவுள்வலையும் விடுகிறவர்கள் இன்னும் வேறு. விசைப்படகின் இழுவை மடி கடலின் அடித்தரையை உழுதுகொண்டு போகும்போது கடற்புல்லையும் குஞ்சு மீனையும் சேர்த்தே அள்ளுகிறது. இறாலுக்காகப் போட்ட மடியில் ஏறும் சங்காயம் என்னும் கழிவு மீன் மீன்தூள் ஆலைக்கும் கோழித்தீவனத்துக்கும் போகிறது. அதே கடலில் நாட்டுப்படகுக்காரர் விட்ட வலை அறுந்து கிடக்கிறது. வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு, நான்கு நாள் நாட்டுப்படகுக்கு என்று பாக் விரிகுடாவில் முறை வைத்ததே இந்தச் சண்டையால்தான். ஆக, விசைப்படகைக் குறைப்பது மீனவர் விரோதம் என்றால், குறைக்காமல் விடுவதும் மீனவர் விரோதம்தான். யார் பக்கம் நிற்கிறோம் என்பதைச் சொல்லிவிட்டு வாதாடுவது நேர்மை.

அடுத்தது கச்சத்தீவு. 1974 ஒப்பந்தம் தமிழகத்தைக் கேட்காமல் செய்யப்பட்டது என்ற வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் கச்சத்தீவு சுமார் 285 ஏக்கர். விசைப்படகுகள் தேடிப்போகும் இறால் அந்தத் தீவின் கரையோடு முடிந்துவிடுவதில்லை. அதையும் தாண்டி நெடுந்தீவு, யாழ்ப்பாணம், மன்னார்க் கரைகளை ஒட்டிய கடலில் இருக்கிறது. நாளைக்கே தீவு நம் கைக்கு வந்தாலும் அந்தக் கரைகள் வராது. அங்கே வலை விடுகிறவர்களும் தமிழர்கள். கால் நூற்றாண்டுக்கும் மேலான போரில் கடலுக்குப் போக முடியாமல் முடங்கியவர்கள், 2009க்குப் பிறகு கடன் வாங்கி வலை வாங்கினார்கள். அந்த வலைகள்மேல் நம் மடிகள் ஓடின. 2010 ஆகஸ்டில் அவர்களே தமிழகம் வந்து நம் மீனவர்களோடு உட்கார்ந்து பேசினார்கள். ஓராண்டில் இழுவை மடியை நிறுத்துவது, அதுவரை ஆண்டுக்கு 70 நாள் மட்டும் வருவது என்று ஒரு இணக்கம் உருவானது. அது நடக்கவில்லை. 2017 ஜூலையில் யாழ்ப்பாணத்தின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த சுமந்திரன் கொண்டுவந்த தனிநபர் மசோதாவின் வழியாக இலங்கை நாடாளுமன்றம் இழுவை மடித் தொழிலையே தடை செய்தது. இலங்கைக் கடற்படையின் கைதும் படகுப் பறிமுதலும் கொடுமை என்பதில் சந்தேகமில்லை. துப்பாக்கிச்சூட்டை எந்த நியாயத்தாலும் மன்னிக்க முடியாது. ஆனாலும் இந்திய எல்லைக்குள் இத்தனை படகுகளுக்குப் போதிய மீன் இல்லை என்பதால்தான் இரவில் எல்லை தாண்ட நேர்கிறது. பிடிபட்டுச் சிறைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் கூலிக்குப் போனவர்கள்.

தடைக்காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கரையில் மடி ஓய்கிறது, நல்லதுதான். மீதி மாதங்களில் அதே எண்ணிக்கையில் படகுகள் இறங்கினால், ஓய்வில் விளைந்தது முதல் சில வாரங்களிலேயே வாரப்பட்டுவிடும்.

ஆழ்கடல் திட்டம் நல்ல எண்ணத்தில் பிறந்தது. 2017இல் தொடங்கியபோது மூன்றாண்டில் 2,000 இழுவைப் படகுகளை மாற்றுவதாகச் சொன்னார்கள். படகு ஒன்றுக்கு 80 லட்சம்; அதில் பாதி மத்திய அரசு, 20 விழுக்காடு மாநில அரசு, மீதி உரிமையாளரின் பங்கும் வங்கிக் கடனும். ஆண்டுகள் பல கழிந்தும் கடலில் இறங்கியவை நூறைத் தொடவில்லை. காரணம் தெரிந்ததுதான். ஒரு நாள் போய் மறுநாள் கரை சேர்கிறவர்களை வாரக்கணக்கில் சூரைக்கு ஆயிரங்கால் தூண்டில் போடச் சொல்கிறோம்; கடன் வேறு கழுத்தில். பழைய தொழில் அப்படியே திறந்து கிடக்கும்போது யார் மாறுவார்கள்? மாறுபவரின் பழைய படகை ஒழித்தாக வேண்டும் என்று திட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் திட்டத்தில் சேராதவரின் உரிமம் அப்படியே தொடர்கிறது. எண்ணிக்கைக்கு உச்சவரம்பு இல்லாததுதான் ஆழ்கடல் திட்டத்தையும் முடக்குகிறது.

இன்னொரு வாதமும் உண்டு: சட்டத்தால் படகைக் குறைத்த நாடுகள் தோற்றன என்பது. எல்லாவற்றிலும் கனமானது அதுதான். கனடாவின் மேற்குக் கரையில் சால்மன் மீன்பிடிக்கு 1968இல் டேவிஸ் என்ற அமைச்சர் உரிமங்களுக்கு வரம்பு போட்டார். படகுகளின் எண்ணிக்கை குறைந்தது, பிடிக்கும் திறனோ கூடியது. சிறு படகுகளின் உரிமங்களை வாங்கிச் சேர்த்துப் பெரிய படகு கட்டினார்கள். 1996இல் மறுபடி அரசே பணம் கொடுத்துச் சுமார் 800 உரிமங்களைத் திரும்ப வாங்கியது. அப்போது பூர்வகுடிகளின் கரையோர ஊர்கள் பல உரிமம் இழந்து நின்றன. அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலம் 1973இல் உரிமத்தைப் படகுக்குத் தராமல் மனிதருக்குத் தந்தது. விற்கலாம் என்று அனுமதித்ததால் அங்கும் கிராமத்து உரிமங்கள் வெளியூர்க்காரர் கைக்குப் போயின. இவற்றைப் படித்துவிட்டுச் சட்டமே வேண்டாம் என்று முடிவு கட்டுவது சரியல்ல. படகுகளின் தலையை மட்டும் எண்ணிய சட்டம் எங்கே ஓட்டை விட்டது என்பதை அந்த நாடுகள் நமக்காக விலை கொடுத்துக் கற்றிருக்கின்றன.

நமக்குப் புதிய சட்டம்கூடத் தேவைப்படாமல் போகலாம். 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்திலேயே, ஒரு குறிப்பிட்ட கடற்பகுதியில் எத்தனை படகுகள் தொழில் செய்யலாம் என்று அரசு ஆணையிட இடம் இருக்கிறது. கரையிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது என்பதும் அந்தச் சட்டம்தான். அந்த அதிகாரத்தைப் பாக் விரிகுடாவுக்குப் பயன்படுத்தி, ராமநாதபுரம் முதல் நாகப்பட்டினம் வரை மாவட்டவாரியாக ஆண்டுதோறும் குறையும் உச்சவரம்பு ஒன்றை அறிவிக்க வேண்டும். படகின் எண்ணிக்கையோடு அதன் நீளத்தையும் இயந்திரத்தின் குதிரைத்திறனையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். திரும்ப ஒப்படைத்த உரிமம் இன்னொருவர் பெயரில் உயிர்த்தெழக் கூடாது. உரிமையாளருக்குக் கொடுக்கும் இழப்பீட்டில் ஒரு பகுதி அந்தப் படகில் போன கூலி மீனவர்களின் வங்கிக் கணக்குக்கு நேராகப் போக வேண்டும். அரசு வாங்கிய படகை உடைத்த பிறகே மீதித் தொகை உரிமையாளருக்குக் கிடைக்க வேண்டும்.