சில்லுனு ஒரு சந்தேகம்!

இன்டர்னல்ஸ் எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதா? முடியலைன்னாலும் கவலை வேணாம். இந்த வாரம் நாம பார்க்கப்போற மேட்டர் சிலபஸ்லயே இருக்கு... தெர்மோடைனமிக்ஸ்! ‘ஐயோ சாமி’னு பக்கத்தைப் புரட்டிடாதீங்க பாஸ். இந்தத் தடவை ஸ்டீம் டேபிள் கிடையாது. பீர் பாட்டில்!

ஒரு விஷயத்தை முதல்லயே சொல்லிடறேன். எனக்கு வயசு 20. தமிழ்நாட்டுல சட்டப்படி 21 ஆகணும். அதனால, ‘நான் குடிச்சுப் பார்த்தேன், சூப்பர்’ ரகக் கட்டுரை இல்ல இது. ராக்கெட்ல ஏறாமலே ராக்கெட் வேகத்தைக் கணக்குப் போடற கூட்டம்தானே நாம? அந்த மாதிரிதான்.

கேள்வி இதுதான். நம்ம ஊர் கடை வாசல்ல பீர் வாங்க நிக்கிறவர் யாரா இருந்தாலும் முதல்ல கேக்கறது, ‘‘கூலிங்கா இருக்கா?’’ என்ன ரகம், எத்தனை சதவிகிதம், எப்போ தயாரிச்சது... ம்ஹூம்! கூலிங் இருந்தா போதும். ஆனா, இங்கிலாந்துல ஒரு கூட்டம், ‘அளவுக்கு மீறிக் குளிரவெச்சு, கேஸ் ஏத்தின பீரெல்லாம் எங்களுக்கு வேணாம்’னு சங்கமே ஆரம்பிச்சுக் கொடி பிடிச்சிருக்கு. ரெண்டு தரப்புல யார் சொல்றது ரைட்டு?

நாக்குக்குள்ள ஒரு கதவு

பீருக்குப் போறதுக்கு முன்னாடி ஐஸ்க்ரீமுக்குப் போவோம். கப்ல உருகி ஓடின ஐஸ்க்ரீமை எப்பவாவது ஒரு வாய் குடிச்சிருக்கீங்களா? தாங்க முடியாத இனிப்பா இருக்கும். அதே ஐஸ்க்ரீம் கெட்டியா இருந்தப்போ அளவான இனிப்பு. சர்க்கரை எங்கிருந்தும் புதுசா வந்து சேரலை. மாறினது டெம்பரேச்சர் மட்டும்தான்.

இதுக்குக் காரணம் நம்ம நாக்குலயே இருக்கு. ருசி மொட்டுகள்ல ‘டி.ஆர்.பி.எம் 5’னு ஒரு புரதம், கதவு மாதிரி வேலை செய்யுது. இனிப்பு, கசப்பு ரெண்டு சேதியும் இந்தக் கதவைத் தாண்டித்தான் மூளைக்குப் போகணும். 15 டிகிரியிலிருந்து 35 டிகிரி செல்சியஸுக்குள்ள, சூடு ஏற ஏற இந்தக் கதவு மளமளன்னு அகலமா திறக்குதுன்னு 2005-ல் ‘நேச்சர்’ இதழ்ல ஒரு ஆய்வு வந்துச்சு. சில்லுனு ஊத்தினா கதவு ஒருக்களிச்சுக்கும். அவ்வளவுதான் விஷயம்.

நாக்கு பாதிதான் பாஸ், மீதி மூக்கு. ஜலதோஷம் பிடிச்சப்போ பிரியாணியும் கஞ்சியும் ஒண்ணாத் தெரியுமே, ஞாபகம் இருக்கா? வாசனைங்கிறது திரவத்திலிருந்து கிளம்பி ஆவியா மேல வரணும். குளிர்ல ஆவி அழுத்தம் குறைவு. பன்னிரண்டு மார்க் கேள்வியா நாம எழுதற கிளாசியஸ் - கிளாபிரான் சமன்பாடு, பீர் கிளாஸ் மேலயும் செல்லும்!

மூணாவது, கேஸ். கார்பன் டை ஆக்சைடு குளிர்ந்த தண்ணியில நல்லாக் கரையும். சாதாரணக் காற்றழுத்தத்துல, 0 டிகிரியில ஒரு லிட்டர் தண்ணி சுமார் 1.7 லிட்டர் கேஸை இழுத்து வெச்சுக்கும். 20 டிகிரிக்கு வந்தா 0.9 லிட்டர்கூடத் தாங்காது. அதனாலதான் வெயில்ல வெச்ச பாட்டிலைத் திறந்தா சட்டையெல்லாம் நுரை.

ஆக, குளிர ஆக ஆக வாசனையும் இனிப்பும் அமுங்கிடும், நாக்கைக் குத்தற ‘சுர்’ மட்டும் மிஞ்சும். சூடு ஏறினா வாசனை வரும், ‘சுர்’ போயிடும். இந்த ரெண்டுக்கும் நடுவுல எங்க நிக்கணும்கிறதுதான் ஒவ்வொரு பீருக்கும் உள்ள டிகிரி கணக்கு.

எது எத்தனை டிகிரி?

பீர் பத்தி எழுதறவங்க பொதுவா சொல்ற கணக்கு இது. ஒண்ணு ரெண்டு டிகிரி அப்படி இப்படி இருக்கும். எல்லாம் செல்சியஸ்.

லைட் லாகர்: 2 - 4
செக் நாட்டு பில்ஸ்னர்: 4 - 7
ஜெர்மன் கோதுமை பீர்: 5 - 8
பேல் ஏல், ஐ.பி.ஏ: 7 - 10
இங்கிலாந்து பீப்பாய் ஏல்: 11 - 13
பெல்ஜியம் மடாலயங்களோட அடர் நிற ஏல்: 10 - 13
இம்பீரியல் ஸ்டவுட், பார்லி ஒயின்: 12 - 16

லிஸ்ட்டை மேலிருந்து கீழே பாருங்க. நிறமும், மணமும், பெரும்பாலும் ஆல்கஹாலும் ஏற ஏற டிகிரியும் ஏறுது. சொல்றதுக்கு நிறைய இருக்கற பீரைச் சூடாப் பேச விடறாங்க. சொல்றதுக்கு ஒண்ணும் இல்லாததைக் குளிர்ல வாயை மூடிடறாங்க!

நிலவறையும் சங்கமும்

இந்த நம்பர்களை யாரும் ஏ.சி. ரூம்ல உக்காந்து முடிவு பண்ணலை. அந்தந்த ஊர் மண்ணும் மழையும் முடிவு பண்ணினது. இங்கிலாந்துல ஏல் பீப்பாய்களைக் கடைக்குக் கீழே நிலவறையில வைப்பாங்க. அங்க வருஷம் முழுக்க ஏறக்குறைய 12 டிகிரி. ஏலுக்குள்ள ஈஸ்ட் உயிரோட இருக்கும். பீப்பாய்க்கு வந்த பிறகும் நொதிச்சுட்டே இருக்கும். ரொம்பக் குளிரவெச்சா ஈஸ்ட் தூங்கிடும், பீர் மங்கலாயிடும். ரொம்பச் சூடானா கேஸ் போய்ப் புளிச்சிடும். பீப்பாயைத் திறந்தா மூணு நாளைக்குள்ள காலி பண்ணியாகணும். நம்ம வீட்டு இட்லி மாவு மாதிரி, கூடவே ஒருத்தர் இருந்து பார்த்துக்கணும்.

‘இங்கிலீஷ்காரன் சூடான பீர் குடிப்பான்’னு ஊரெல்லாம் கிண்டல் பண்ணும். 12 டிகிரின்னா சூடா? அது ஊட்டியில ஸ்வெட்டரைத் தேடற குளிர் மக்களே! அவங்க சொல்ற ‘நார்மலா’ வேற, சென்னையில நாம சொல்ற ‘நார்மலா’ வேற. நம்ம ஊர்ல மே மாசம் ‘ரூம் டெம்பரேச்சர்’னு சொல்லி எதைக் குடுத்தாலும் அது ரசம்தான்.

1960-கள்ல அங்க பெரிய கம்பெனிகள் யோசிச்சாங்க. ‘எதுக்கு இந்த மூணு நாள் தலைவலி?’ வடிகட்டி, சூடுபடுத்தி ஈஸ்ட்டைக் கொன்னு, குளிரவெச்சு, கேஸ் அழுத்தத்துல தள்ளற ‘கெக்’ பீரைக் கடைகடையா இறக்கினாங்க. வாரக்கணக்குல கெடாது. ஆளும் தேவையில்ல. பழைய ஏல் காணாமப் போக ஆரம்பிச்சுது.

1971-ல் அயர்லாந்துக்கு லீவுல போன நாலு இங்கிலாந்து இளைஞர்கள், அங்க ஒரு பார்ல உக்காந்து புலம்பிட்டே ஆரம்பிச்சதுதான் ‘காம்ரா’. உண்மையான ஏலுக்கான இயக்கம். நாலு பேரு விளையாட்டா ஆரம்பிச்ச சங்கத்துல பின்னாடி உறுப்பினர் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டுச்சு. பீப்பாய் ஏல் பிழைச்சுது. ஒரு பானத்தை அதோட ருசி தெரியற டிகிரியில குடுங்கன்னு கேட்டு ஜெயிச்ச கூட்டம் அது!

பீர் கட்டின ஃபீஸ்

இப்போ எதிர்க்கட்சி. ஜெர்மனிக்காரங்க குளிரை விரும்பினது ஃபேஷனுக்காக இல்ல. லாகர் ஈஸ்ட் குளிர்லதான் ஒழுங்கா வேலை செய்யும். ‘லாகர்ன்’னா ஜெர்மன்ல ‘சேமிச்சு வை’னு அர்த்தம். வெயில் காலத்துல பீர் கெட்டுப்போகுதுன்னு, பவேரியாவுல 1553-ல் ஒரு ஆணையே போட்டாங்க. ஏப்ரல் 23-லிருந்து செப்டம்பர் 29 வரைக்கும் யாரும் பீர் காய்ச்சக் கூடாது! அதுக்குள்ள காய்ச்சி, பாதாளக் கிடங்குல, குளத்துல வெட்டின ஐஸைப் போட்டு வெச்சாங்க. கிடங்கு மேல வெயில் படாம இருக்க மரம் நட்டாங்க. அந்த மர நிழல்ல பெஞ்ச் போட்டதுதான் மியூனிக்கோட புகழ்பெற்ற பீர் தோட்டங்கள்.

மழை, பனி, குளம்னு எத்தனை நாளைக்கு நம்பறது? மியூனிக்கின் ஸ்பாட்டன் பீர் ஆலை, ஒரு இன்ஜினீயரிங் புரொபசரைப் பிடிச்சுது. பேரு கார்ல் வான் லிண்டே. 1873-ல் அவரோட குளிரூட்டும் மெஷின் அந்த ஆலைக்குள்ள வந்துச்சு. நாம லேப்ல பார்க்கற ரெஃப்ரிஜரேஷன் சைக்கிளுக்கு முதல்ல ஃபீஸ் கட்டினவங்கள்ல பீர்காரங்களும் உண்டு! 1895-ல் அதே லிண்டே காற்றையே திரவமாக்கிக் காட்டினார். ஆஸ்பத்திரியில இருக்கற ஆக்சிஜன் சிலிண்டருக்கும் அந்த வழியிலதான் சொந்தம்.

இன்னொரு சொந்தக்காரர், நாம தினமும் நோட்டுல எழுதற ஜூல். ஜேம்ஸ் பிரஸ்காட் ஜூல், 1818-ல் இங்கிலாந்தின் சால்ஃபோர்டுல ஒரு பீர் ஆலைக் குடும்பத்துல பிறந்தவர். குடும்ப ஆலையை நடத்திட்டே ஆராய்ச்சி பண்ணினார். டிகிரி தப்பினா மொத்த அண்டாவும் வீணாகற தொழில் அது. அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை தெர்மாமீட்டர்ல துளி வித்தியாசத்தையும் விடாதவரா இருந்ததுல என்ன ஆச்சர்யம்?

மெட்ராஸுக்கு வந்த பாஸ்டன் ஐஸ்

‘நம்ம ஊருக்கு என்ன சம்பந்தம்?’னு கேக்கறீங்களா? இருக்கு. வெள்ளைக்காரன் இங்க வந்து வெந்து போனப்போ, வெடியுப்பைத் தண்ணியில கரைச்சு, அதுக்குள்ள பாட்டிலை வெச்சுக் குளிர வைப்பாங்க. எண்டோதெர்மிக் ரியாக்‌ஷன், ப்ளஸ் டூ கெமிஸ்ட்ரி. அப்புறம் ஃப்ரெடரிக் டியூடர்ங்கிற அமெரிக்கர், பாஸ்டன் பக்கத்துக் குளங்கள்ல வெட்டின ஐஸைக் கப்பல்ல ஏத்தி 1833-ல் கல்கத்தாவுக்கு அனுப்பினார். நாலு மாசப் பயணம். ஏத்தினது 180 டன், வந்து சேர்ந்தது சுமார் 100 டன். அதுவே பெரிய சாதனை! மெட்ராஸுக்கு வந்த ஐஸைப் பத்திரப்படுத்தக் கட்டின கிடங்குதான் மெரினா எதிர்ல இருக்கற ஐஸ் ஹவுஸ், இன்னிக்கு விவேகானந்தர் இல்லம். அந்தப் பக்கம் பஸ்ல போறப்போ ஹீட் டிரான்ஸ்ஃபருக்கு ஒரு சல்யூட் வைங்க.

சில்லு எதை மறைக்குது?

சரி, தீர்ப்பு. ரெண்டு பேரும் ரைட்டு. ஆனா, ‘கூலிங்கா இருக்கா?’னு மட்டும் கேக்கற நம்ம பழக்கம் ரைட்டு இல்ல. ஏன்னா குளிர் நல்லதை மட்டுமா அமுக்குது? கெட்டுப்போன வாடையை அமுக்கும். மட்டமான சரக்கை அமுக்கும். முக்கியமா, ஆல்கஹாலோட காரத்தையும் அமுக்கும். அளவு அப்படியேதான் இருக்கும், தொண்டைக்குத்தான் தெரியாது. மடமடன்னு இறங்கும்.

இங்க விக்கற பீர்ல பெரும்பங்கு ‘ஸ்ட்ராங்’ வகை. 5-லிருந்து 8 சதவிகிதம் வரை ஆல்கஹால். கால்குலேட்டரை எடுங்க. 650 மில்லி பாட்டில், 8 சதவிகிதம்னா சுத்தமான ஆல்கஹால் 52 மில்லி. எடையில ஏறக்குறைய 41 கிராம். பிரிட்டன் கணக்குல 10 மில்லி ஒரு யூனிட். அப்போ ஒரே பாட்டில்ல 5.2 யூனிட். ‘ஒரு வாரத்துக்கு 14 யூனிட்டுக்கு மேல போகாதீங்க’னு 2016-லயே அந்த நாட்டு டாக்டர்கள் சொல்லிட்டாங்க. ஒரு வாரக் கணக்குல மூணுல ஒரு பங்குக்கு மேல ஒரே பாட்டில்ல முடிஞ்சுது! ‘பாதுகாப்பான அளவுன்னு ஒண்ணு கிடையாது’னு 2023-ல் உலக சுகாதார நிறுவனமும் சொல்லிடுச்சு. ‘சும்மா கூல் டிரிங்க்ஸ் மாதிரிதான் மச்சி’னு சொல்லிக் குடுக்கற சீனியர்கிட்ட இந்தக் கணக்கைக் காட்டுங்க. அது கூல் டிரிங்க்ஸ் மாதிரி தெரியறதுக்குக் காரணம், கூல்!

கூல் டிரிங்க்ஸ்னதும் ஞாபகம் வருது. வயசு வரம்பு இல்லாத ஒரு லேப் எக்ஸ்பெரிமென்ட் தர்றேன். ஒரே கோலாவை ரெண்டு டம்ளர்ல ஊத்துங்க. ஒண்ணு ஃப்ரிஜ்ல, ஒண்ணு மேஜை மேல. ரெண்டு மணி நேரம் கழிச்சு ஒவ்வொரு வாய். வெளியில இருந்தது பாகு மாதிரி திகட்டும். அதான் அதுக்குள்ள நிஜமாவே இருக்கற சர்க்கரை. 100 மில்லிக்குச் சுமார் 10 கிராம். ஃப்ரிஜ்ல இருந்ததுலயும் அதே 10 கிராம்தான். நாக்குக்கு மட்டும் சேதி போகலை.

யாராவது எதையாவது ‘சில்லுனு இருக்கு, குடி’னு நீட்டினா, ‘சில்லு போன பிறகு இது எப்படி இருக்கும்?’னு ஒரு கேள்வி கேளுங்க. லேபிளைத் திருப்பிச் சதவிகிதத்தைப் படிங்க. அதுக்குத் தெர்மோ பாஸ் பண்ணியிருக்கணும்னு அவசியமில்ல!

கோலா ரிசல்ட்டை மறக்காம எழுதி அனுப்புங்க. அடுத்த வாரம் பார்ப்போம். வர்ட்டா?