அக்கா தூங்கிவிட்டாள்

'தோழர், உங்களுக்கு நேரத்தை நிர்வகிக்கத் தெரியவில்லை' என்று புத்தி சொல்லி, நண்பர் ஒருவர் எனக்கு டைரி வாங்கிக் கொடுத்தார். அவர் சொன்னதில் தப்பில்லை. காலையில் பள்ளிக்கூட வேலை, சாயங்காலம் டியூஷன், ராத்திரி தெருப் பிள்ளைகளுக்குப் பாடம், ஞாயிற்றுக்கிழமை இயக்கக் கூட்டம். நடுவில் சாதிச் சான்றிதழுக்கு மனு எழுதணும், பட்டா பேரு மாத்தணும் என்று வாசலில் யாராவது நிற்பார்கள். இவர்களை 'நேரம் ஒதுக்கிக்கொண்டு வா' என்று அனுப்ப முடியுமா? தூங்கி நாளாச்சு என்பது உண்மைதான். பத்து நாள் டைரி எழுதிப் பார்த்தேன். ஞாயிறு மதியம் ஒரு மணி நேரத்துக்கு நேராக 'ஓய்வு' என்று போட்டேன். அந்த ஒரு மணி நேரம் என் வீட்டில் பாத்திரம் துலக்கியது யார் என்பதற்கு அதில் இடமே இல்லை.

நான் இரும்பைக்காரன். எங்கள் மாகாளேசுவரர் கோயிலோடு சேர்த்துக் கடுவெளிச் சித்தர் கதை ஒன்றைச் சொல்வார்கள். மரத்தடியில் அசையாமல் தவம் இருந்தாராம். எங்கள் தெருக்காரன் வேப்பமரத்தடியில் அரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தால் சோம்பேறிப் பயல். பக்கத்திலேயே 1968இல் ஆரோவில் வந்தது. மௌனத்தில் உட்கார உலகம் பூராவுமிருந்து வருகிறார்கள், வரட்டும். சுற்றுப்பட்டு ஊர்ப் பெண்கள் அந்தப் பக்கம் போவது வீடு பெருக்கவும் தோட்டவேலை செய்யவும். ஒரே மண்ணில் ஒருத்தர் சும்மா இருந்தால் தியானம், இன்னொருத்தர் சும்மா இருந்தால் திமிர். இந்தப் பெயர்களை வைத்தது யார்?

என் அக்காவை மரக்காணத்தில் கட்டிக்கொடுத்தோம். உப்பளத்து வேலை. வெயில் ஏறினால் உப்பின் வெளுப்பு கண்ணைக் குத்தும் என்று விடியற்காலை மூணு மணிக்கே பாத்தியில் இறங்கிவிடுவாள். அதற்கு முன்னால் ஏந்திரிச்சு சோறாக்கி வைக்கணும். வாரிய உப்பைக் கூடை கூடையாகத் தலையில் சுமந்து அம்பாரத்தில் கொட்டணும். காலில் பிளந்த வெடிப்புக்குள் உப்புத்தண்ணி. மழை வந்தால் மாசக்கணக்கில் வேலை கிடையாது. அதற்கு ஓய்வு என்று பெயரில்லை, பட்டினி என்று பெயர்.

போன வருஷம் அவள் ஊரில் நாங்கள் போட்ட கூட்டம் ராத்திரி எட்டரைக்குத்தான் ஆரம்பித்தது. நான் பேசினேன். அம்பேத்கரைப் பற்றித்தான். 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை அவர் வைத்திருந்தது, ஆலைகளில் வாரம் 54 மணி வேலையை 48 ஆகக் குறைக்க அவர் மசோதா கொண்டுவந்தது, அது 1946இல் சட்டமானது, எல்லாவற்றையும் ஆவேசமாகச் சொன்னேன். அதற்கும் முன்னால் 1890இல் பம்பாய் மில் தொழிலாளிக்கு ஞாயிறு விடுமுறை வாங்கிக்கொடுத்த லோகண்டே, புலேயின் சத்தியசோதக் சங்கத்துக்காரர் என்றும் சொன்னேன். முன்வரிசையில் அக்கா தலை தொங்கித் தூங்கினாள். எனக்குக் கோபம். 'நம்ம ஜனங்க இப்படித் தூங்கித்தான் கெட்டுது' என்று மைக்கிலேயே சொன்னேன். ஜனங்கள் சிரித்தார்கள். அக்கா விழித்துப் பார்த்து, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

ராத்திரி சோறு போடும்போது, 'ஏந் தம்பி, எட்டு மணி நேரம் வேலன்னு சொன்னியே, அது உப்பு வார்றவளுக்கும் உண்டா, இல்ல மில்லுக்காரனுக்கு மட்டுந்தானா?' என்று கேட்டாள். அவள் தூங்கும்போதும் கேட்டிருக்கிறாள். என்னிடம் பதில் இல்லை.

2021இல் கடைகளில் வேலை செய்கிறவர்கள் உட்கார இருக்கை வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் திருத்தினார்கள். நல்ல காரியம். உப்புப் பாத்தி கடையில்லையே. 2023 ஏப்ரல் 21ஆம் தேதி அதே சட்டமன்றம் ஆலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதாவை நிறைவேற்றியது. சிங்காரவேலர் சென்னையில் மே தினம் கொண்டாடி நூறு வருஷம் ஆன அந்த மே ஒன்றாம் தேதிதான் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். தொழிற்சங்கங்கள் எதிர்த்து நின்றன, நின்றது. அக்காவுக்காக எதிர்த்து நிற்க எது இருக்கிறது? நாங்கள் இருக்கிறோம் என்று சொல்லிக்கொள்கிறோம். ராத்திரி எட்டரைக்குக் கூட்டம் வைத்துவிட்டு, பெண்கள் வருவதில்லை, வந்தால் தூங்குகிறார்கள் என்று அறிக்கை எழுதுகிறோம். மூணு மணிக்கு எழுகிற உடம்பை எட்டரைக்கு உட்காரவைத்து விடுதலை பேசுகிற நாங்களும் அவள் தூக்கத்திலிருந்துதான் எடுத்துக்கொள்கிறோம். பண்ணையார் எடுத்தது வேலைக்கு, நாங்கள் எடுப்பது பேச்சுக்கு. இப்படி எழுதுவதற்காகத் தோழர்கள் கோபித்துக்கொள்ளலாம்.

டைரி கொடுத்த நண்பருக்கும் ஒன்று சொல்லவேண்டும். நேரம் ஒருத்தன் சட்டைப்பையிலிருக்கும் சொந்தக் காசு இல்லை. உங்கள் வீட்டில் ஒருத்தி சமைத்ததும், உங்கள் தெருவை ஒருத்தர் கூட்டியதும்தான் உங்களுக்கு மிச்சமான நேரம். எனக்கு மிச்சமானதும் அப்படித்தான். டைரியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அடுத்த கூட்டத்தைச் சாயங்காலம் நாலு மணிக்கு வைக்கலாம் என்று கமிட்டியில் சொன்னேன். 'நாலு மணிக்கு ஆம்பளைங்க வரமாட்டாங்களே தோழர்' என்றார்கள். 'எட்டரைக்குப் பொம்பளைங்க வரலையே' என்றேன். மூணு வாரமாக அந்தப் பேச்சு இழுத்துக்கொண்டிருக்கிறது.