வீட்டுக்கு ஒரு அட்மின் போதும், அது நீங்க இல்ல

மக்களே, ஒரு சின்னக் கேள்வி. உங்க வீட்டுக் கம்ப்யூட்டர்ல தினமும் எந்த அக்கவுண்ட்ல நுழையறீங்க? அட்மினிஸ்ட்ரேட்டர்தானே? வீட்ல மத்தவங்களுக்கு? "அவங்களுக்கு எதுக்குங்க அதெல்லாம், ஸ்டாண்டர்ட் போதும்." சரியா? நானும் அதே கேஸுதான். அதான் இவ்வளவு கோபமா எழுதறேன்.

எங்க வீட்ல ஒரே கம்ப்யூட்டர், மூணு பேர். தங்கமணி டீச்சர். பொண்ணு எட்டாவது. நான் கம்ப்யூட்டர் வித்தகர் (ஆபீஸ்ல நான் புடுங்கற ஆணிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, ஆனா வீட்ல அது யாருக்குத் தெரியும்?). ரெண்டு பேருக்கும் ஸ்டாண்டர்ட் அக்கவுண்ட் போட்டுக் கொடுத்தேன். "நீங்க கண்டதையும் கிளிக் பண்ணுவீங்க"ன்னு ஒரு லெக்சர் வேற. எனக்கு மட்டும் அட்மின். வீட்டுத் தலைவராச்சே!

போன வருஷம் ஒரு ஞாயித்துக்கிழமை. ஸ்கேன் பண்ணின பத்திரத்தை எல்லாம் ஒரே பிடிஎஃப்பா சேர்க்கணும். தேடினதுல முதல்ல வந்த இலவச மென்பொருளை இறக்கினேன். திரை மங்கி, கம்ப்யூட்டர்ல மாற்றம் செய்ய இதை அனுமதிக்கலாமான்னு கேட்டுச்சு. படிக்கவே இல்ல. 'யெஸ்'. ராத்திரி பாத்தா ஒவ்வொரு கோப்புப் பேருக்கும் வால் முளைச்சிருக்கு, ஒண்ணும் திறக்கல. பணம் கேட்டு ஒரு கடுதாசி மட்டும் அழகாத் திறக்குது.

என் ஃபோல்டர் போனது போகட்டும். தங்கமணி ஃபோல்டரும் போச்சு. ஆறு வருஷ வினாத்தாள், பாடக்குறிப்பு, எல்லாம். அவங்க எதையும் கிளிக் பண்ணல. அன்னைக்கு அந்த நாற்காலியிலயே உக்காரல. ஸ்டாண்டர்ட் அக்கவுண்ட்ல ஓடுற நிரலை அடுத்தவங்க ஃபோல்டர் பக்கம் விண்டோஸ் அண்ட விடாது. அட்மின் அனுமதியோட ஓடுறதுக்கு எல்லா அறைச் சாவியும் கையில. ரிஸ்டோர் பாயிண்ட்டாவது இருக்கும்னு பாத்தா அதுவும் காலி. அதை அழிக்கவும் அட்மின் அனுமதி வேணும். அதைத்தான் 'யெஸ்'னு தாரை வார்த்திருந்தேனே.

ஆக, "கண்டதையும் கிளிக் பண்ற" ரெண்டு பேரைப் பூட்டி வச்ச புத்திசாலி, வாசக்கதவைத் திறந்துவிட்டான்.

இந்தக் கெட்ட பழக்கம் நமக்கு எங்கேருந்து வந்துச்சுன்னும் சொல்லணும். 2001ல வந்த விண்டோஸ் எக்ஸ்பி, நிறுவும்போது போடற அத்தனை பேரையும் அட்மினாவே ஆக்கிடும், அதுவும் பாஸ்வேர்டு இல்லாம. தமிழ்க்காரனுக்குக் கூடுதல் காரணமும் இருந்துச்சு. எக்ஸ்பியில தமிழ் ஒழுங்காத் தெரிய சிடியைப் போட்டு தனியா ஒரு வசதியை நிறுவணும், அதுக்கு அட்மினா இருக்கணும். எழுத்துரு போடவும் அதே கதை. நெட் சென்டர்ல லிமிடெட் அக்கவுண்ட்ல உக்காந்து, தமிழைக் கட்டம் கட்டமாப் பாத்து நொந்து போன கூட்டம் நாம. அட்மின் இல்லேன்னா தமிழ் இல்லைன்னு மனசுல பதிஞ்சு போச்சு. சரி, அது அப்போ. 2018 அக்டோபர் அப்டேட்லேருந்து விண்டோஸ் 10ல எழுத்துரு போட அட்மின் வேண்டாம். 2019 மே அப்டேட்ல தமிழ் ஃபொனடிக் விசைப்பலகையே கூட வந்துடுச்சு. காரணம் போயிடுச்சு, பழக்கம் மட்டும் சப்பணம் போட்டு உக்காந்திருக்கு.

நடுவுல 2007ல விஸ்டா வந்து எதுக்கெடுத்தாலும் அனுமதி கேட்டுச்சு. நாம என்ன பண்ணோம்? அந்தக் கேள்வியை அணைப்பது எப்படின்னு ஆளாளுக்குப் பாடம் நடத்தினோம். நானும் நாலு பேருக்கு அணைச்சுக் கொடுத்து டீ வாங்கிக் குடிச்சிருக்கேன். மன்னிச்சிடுங்க.

"அதான் இப்போ அட்மினா இருந்தாலும் கேட்குதே, போதாதா?" போதாது சாமி. அட்மினுக்கு அது வெறும் 'யெஸ்', 'நோ'. கை தானாப் போய் அமுக்கும். ஸ்டாண்டர்ட் அக்கவுண்ட்ல அதே இடத்துல அட்மின் பாஸ்வேர்டு கேட்கும். அதை டைப் பண்ற பத்து செகண்டுலதான் புத்தி முழிக்கும். "தொல்லைங்க"ன்னு சொல்றவங்க, போன மாசம் எத்தனை மென்பொருள் நிறுவினீங்கன்னு எண்ணிப் பாருங்க. எனக்கு ரெண்டு.

செய்யறது அஞ்சு நிமிஷ வேலை. விண்டோஸ் 11ல செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், அதர் யூசர்ஸ். அங்கே புதுசா ஒரு அக்கவுண்ட் போட்டு, 'சேஞ்ச் அக்கவுண்ட் டைப்'ல அட்மின் ஆக்குங்க. நல்ல பாஸ்வேர்டா வச்சு நோட்டுல எழுதி பீரோவுல வைங்க. (சிரிக்காதீங்க, மறந்தா பெரிய ரோதனை.) அந்த அக்கவுண்ட்ல ஒரு தடவை நுழைஞ்சு சரியா வேலை செய்யுதான்னு பாத்துட்டு, அங்கிருந்தே உங்க பழைய அக்கவுண்ட்டை ஸ்டாண்டர்டா இறக்குங்க. மறுபடி லாகின் பண்ணினா முடிஞ்சுது. உங்க படம், பாட்டு, கோப்பு எல்லாம் இருந்த இடத்துலயே இருக்கும்.

எங்க வீட்ல அந்தப் பாஸ்வேர்டு இப்போ தங்கமணி கையில. நேத்து பிரிண்டர் டிரைவர் போடணும்னு போய் நின்னேன். "எந்த சைட்லேருந்து இறக்கினீங்க? காட்டுங்க பாப்போம்"னு கண்ணாடியை மாட்டிக்கிட்டாங்க.

டிஸ்கி: ஸ்டாண்டர்ட் ஆகிட்டா எல்லாம் சுபம்னு நினைச்சுடாதீங்க. சில விளையாட்டும் பிரவுசரும் அட்மின் இல்லாமலே உங்க ஃபோல்டருக்குள்ள நிறுவிக்கும். அந்த வழியா வைரஸ் வந்தா உங்க கோப்பு அம்பேல்தான், அடுத்தவங்களோடது பிழைக்கும். வெளி ஹார்ட் டிஸ்க்ல நகல் எடுத்து, எடுத்த கையோட கழட்டி வைங்க. தங்கமணியோட வினாத்தாள்ல பாதியை மறுபடி டைப் பண்ணிக் கொடுத்தவன் சொல்றேன் :-(