டிப்ளோமாவோடு முடிந்துபோகும் பாதை

"மூன்று பாடமும் சித்தி. வெட்டுப்புள்ளிதான் காணாது." உயர்தரப் பெறுபேறு வந்த கிழமைகளில் திருகோணமலையின் சீனன்குடாப் பக்கம் விசாரித்தால் வீட்டுக்கு வீடு இந்தப் பதில்தான். திருகோணமலை, கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் உள்ளது. பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்று பங்கிட்ட பிறகும், நாடு முழுவதும் தகுதி பெறுவோரில் மூன்றில் ஒருவருக்குக்கூட இடம் கிடைப்பதில்லை.

மிஞ்சுவோரில் பலர் உயர் தொழில்நுட்பவியல் நிறுவனத்துக்குப் போகிறார்கள். 1995ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் அரச நிறுவனம் அது. கணக்கியல், ஆங்கிலம், தகவல் தொழில்நுட்பம் என்று துறைக்கேற்ப இரண்டரை வருடமோ அதற்கு மேலோ படித்து உயர் தேசிய டிப்ளோமா பெறுகிறார்கள். அதற்கு மேல்? பக்கத்துப் பல்கலைக்கழகத்தின் இரண்டாம், மூன்றாம் வருடத்தில் போய்ச் சேர வழக்கமான வாசல் எதுவும் இல்லை. அங்கே கேட்பது உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளியை. பத்தொன்பது வயதில் எழுதிய ஒரு பரீட்சை, அதற்குப் பின் படித்த அத்தனையையும் மறைத்துவிடுகிறது.

இந்தச் சிக்கலுக்குத் தீர்வு தேடியவர்கள் இருந்தார்கள். 1969இல் இளநிலைப் பல்கலைக்கழகக் கல்லூரிகள் தொடங்கப்பட்டன. பலாலியிலும் ஒன்று இருந்தது. அவை நீடிக்கவில்லை. 1990களின் தொடக்கத்தில் மாகாணங்கள் தோறும் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரிகள் வந்தன. வவுனியாவில் 1991இல் தொடங்கியது 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாகி, 2021இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. சப்ரகமுவவும் ரஜரட்டையும் அப்படிப் பிறந்தவைதான். திருகோணமலைக் கல்லூரி 2001இல் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வளாகமாயிற்று.

இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம், பெருமைதான். ஆனால் ஒவ்வொரு கல்லூரியும் மேலே உயர்ந்தபோது, அது நின்ற இடத்தில் வேறொன்றை யாரும் வைக்கவில்லை. வெட்டுப்புள்ளி காணாத பிள்ளைக்கென்று தொடங்கிய இடத்திலேயே இன்று வெட்டுப்புள்ளி கேட்கப்படுகிறது.

2015 ஒக்டோபரில் கணக்கியல் டிப்ளோமா மாணவர்கள் கொழும்பு வோட் பிளேசில், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு முன்னால், தங்கள் டிப்ளோமாவைப் பட்டத்துக்குச் சமமாக ஏற்கும்படி போராடிப் பொலிசாரிடம் அடி வாங்கினார்கள். டிப்ளோமாவிலிருந்து பட்டத்துக்குப் போக ஒழுங்கான வழி இருந்திருந்தால், டிப்ளோமாவையே பட்டம் என்று அறிவிக்கச் சொல்லித் தெருவுக்கு வரவேண்டிய தேவை அந்தப் பிள்ளைகளுக்கு வந்திருக்காது.

வழி இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. தேசிய தொழில் தகைமையில் (என்.வி.கியூ.) ஐந்தாம், ஆறாம் மட்டம் முடித்தவர்களுக்காக 2008ஆம் ஆண்டுச் சட்டத்தில் உருவான யுனிவோடெக் பல்கலைக்கழகம் இருக்கிறது. அது இருப்பது இரத்மலானையில். சீனன்குடா ஸ்டேசனில் இரவு ரயில் ஏறும் பிள்ளைக்கு, அங்கே தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் வீடு காசு அனுப்ப வேண்டும். மாவு ஆலையிலோ சீமெந்து ஆலையிலோ நாட்சம்பளத்துக்கு நிற்கும் தகப்பனுக்கு அது எட்டாத காசு.

கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டில் பாலிடெக்னிக் டிப்ளோமா முடித்தவர் பொறியியல் கல்லூரியில் நேரே இரண்டாம் வருடத்தில் சேர்கிறார். கலிபோர்னியா 1960இலேயே தன் உயர்கல்வித் திட்டத்தில் சமுதாயக் கல்லூரியை எல்லாருக்கும் திறந்து வைத்து, அங்கிருந்து பல்கலைக்கழகம் போகும் வழியையும் வகுத்தது. தரம் விழுந்துவிடும் என்ற அச்சம் இங்கே பல விரிவுரையாளர்களுக்கு உண்டு. அது நியாயமான அச்சம். அதற்கு மருந்து, டிப்ளோமாவில் இன்ன பாடம், இன்ன பெறுபேறு வேண்டும் என்று வரையறுப்பது. வாசலையே பூட்டி வைப்பதல்ல.

சீனன்குடாவுக்கு இது அவசரம். பிரித்தானியர் இங்கே கட்டிய 99 எண்ணெய்த் தாங்கிகளில் 61ஐ அபிவிருத்தி செய்ய 2022 ஜனவரியில் இந்தியாவுடன் கூட்டு முயற்சி உடன்படிக்கை வந்தது. 2025 ஏப்ரலில் இந்தியாவும் ஐக்கிய அரபு அமீரகமும் சேர்ந்து திருகோணமலையை எரிசக்தி மையமாக்க இணங்கின. அந்த வேலைகள் வரும்போது கணக்காளரும் பொறியியலாளரும் வெளியிலிருந்து வர, எங்கள் பிள்ளைகள் கேற்றில் காவல் நிற்கக் கூடாது.

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் தொடர்பாடல், வணிகக் கற்கைகள் பீடம் இருக்கிறது. திருகோணமலையில் கணக்கியல் டிப்ளோமா முடித்தவர்களுக்கு அங்கே மூன்றாம் வருடத்தில் சில இடங்களை ஒதுக்கட்டும். இரண்டு நிறுவனத்தாரும் பாடத்திட்டங்களை மேசையில் வைத்து ஒப்பிட்டு, மானியங்கள் ஆணைக்குழுவிடம் எழுத்தில் அனுமதி கேட்கட்டும். மாவட்டத்தின் பாராளுமன்ற உறுப்பினர்கள் அந்தக் கடிதத்தின் பின்னால் கட்சி பாராமல் நிற்க வேண்டும்.