ஆர்சனல் ரசிகர்களும் கொசுவர்த்திச் சுருளும்

ஆர்சனல் ரசிகர்கள் நாலு பேர் ஒன்றாக உட்கார்ந்தால் போதும், பத்து நிமிஷத்தில் கொசுவர்த்தி சுத்த ஆரம்பித்துவிடும். ஒருத்தர் தியரி ஹென்றி என்பார். அடுத்தவர், "அதெல்லாம் சரிங்க, பெர்காம்ப் பாஸ் குடுக்கலைன்னா ஹென்றி எங்கே?" என்பார். மூணாவது ஆள், வியரா மாதிரி ஒருத்தன் இனிமே பொறந்துதான் வரணும் என்று அடித்துச் சொல்வார். கூட்டத்தில் தலை நரைத்தவர் யாராவது இருந்தால் கதை டோனி ஆடம்ஸ், டேவிட் ரோகாஸல் என்று எண்பதுகளுக்கே போய்விடும்.

இதில் தப்பே இல்லை. சொல்லப்போனால் ஒரு கிளப்புக்கு ரசிகனாக இருப்பதில் பாதி சுகமே இதுதான். 2002 மார்ச்சில் நியூகாசிலுக்கு எதிராக பெர்காம்ப் பந்தை ஒரு பக்கம் தட்டிவிட்டு, தான் இன்னொரு பக்கமாகச் சுழன்று, டிஃபெண்டரைத் தாண்டிப் போய்ப் போட்டாரே ஒரு கோல்! அதை நூறாவது தடவை பேசினாலும் அலுக்காது.

எனக்குப் பிரச்சினை அதற்கு அடுத்த வரியில்தான். "அவங்கல்லாம் ஆட்டக்காரங்க. இப்ப இருக்கிறதுங்களும் ஆடுதே!" பேச்சு இந்த இடத்துக்கு வந்துவிட்டால், அப்புறம் அது நினைவுகூர்வது இல்லை. பழைய ஆளின் பெயரைத் தடியாக்கி இன்றைய ஆளை அடிப்பது. அதிலும் அந்தப் பழைய கதையைப் பாதி மறந்துவிட்டு அடிப்பது. ஏன்னு சொல்றேன்.

பெர்காம்பையே எடுத்துக்கொள்வோம். 1995-ல் இன்டர் மிலானிலிருந்து 75 லட்சம் பவுண்டுக்கு வந்தார். அன்றைக்கு ஆர்சனல் கொடுத்த மிகப் பெரிய தொகை அது. வந்து முதல் ஏழு ஆட்டத்தில் கோல் கிடையாது. கீழ் டிவிஷனில் இருந்த ஹார்ட்ல்பூலுடன் மோதிய லீக் கோப்பை ஆட்டத்தில்கூட ஆர்சனல் 3 கோல் போட்டது, அதில் அவருடையது ஒன்றும் இல்லை. இங்கிலாந்துப் பத்திரிகைகள் சும்மா விடுமா? கிழித்துத் தொங்கவிட்டார்கள். செப்டம்பர் 23-ம் தேதி சவுத்தாம்ப்டனுக்கு எதிராக ரெண்டு கோல் போட்ட பிறகுதான் மனுஷனுக்கு மூச்சு வந்தது. அதற்கப்புறம் 11 சீசன், 423 ஆட்டம், 120 கோல், ஸ்டேடியத்துக்கு வெளியே சிலை.

ஹென்றி கதை இன்னும் வேடிக்கை. 1999 ஆகஸ்டில் யுவென்டஸிலிருந்து வந்தார். அங்கே அவரை ஓரத்தில் ஓடவிட்டு வீணடித்திருந்தார்கள். ஆர்சன் வெங்கர் அவரை நடுவில் நிறுத்தினார். முதல் எட்டு ஆட்டத்தில் கோல் இல்லை. ரியல் மாட்ரிட்டுக்குப் போன அனெல்காவுக்குப் பதிலாக வந்தவர் என்பதால் ஒப்பீடு வேறு. கடைசியில் அவருடைய முதல் கோலும் அதே சவுத்தாம்ப்டனுக்கு எதிராகத்தான்! பாவம் சவுத்தாம்ப்டன், ரெண்டு பேருக்கும் பிள்ளையார் சுழி போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அந்த சீசன் முடியும்போது ஹென்றி கணக்கில் 26 கோல். ஆர்சனலை விட்டு கடைசியாகப் போகும்போது 228.

இப்போது யோசித்துப் பாருங்கள். இன்றைக்கு ஒரு ஃபார்வர்ட் பெரிய தொகைக்கு வந்து எட்டு ஆட்டத்தில் கோல் போடவில்லை என்றால் என்ன சொல்வோம்? "ஹென்றி எங்கே, இவன் எங்கே!" அந்த ஹென்றியே எட்டு ஆட்டம் போடாமல்தான் நின்றார் என்பது கொசுவர்த்திப் புகையில் மறைந்துவிடுகிறது.

அணிக்கும் இதே கதைதான். 2003-04 சீசனில் 38 ஆட்டம், 26 வெற்றி, 12 டிரா, தோல்வியே இல்லை. பெரிய சாதனை, சந்தேகமே இல்லை. ஆனால் இன்று அதைப் பற்றிப் பேசுவதைக் கேட்டால், வருஷம் முழுக்க எதிரணிகளைப் பந்தாடியதாகத் தோன்றும். 2003 செப்டம்பரில் ஓல்டு ட்ராஃபோர்டில் கடைசி நிமிஷத்தில் வான் நிஸ்டல்ரூய் அடித்த பெனால்டி கம்பியில் பட்டுத் திரும்பாமல் இருந்திருந்தால், சாதனை அங்கேயே காலி. 2004 ஏப்ரலில் நாலே நாளில் எஃப்.ஏ. கோப்பை அரையிறுதியில் மான்செஸ்டர் யுனைடெட்டிடமும், சாம்பியன்ஸ் லீக் கால் இறுதியில் செல்சியிடமும் தோற்று ரெண்டு கோப்பையையும் கோட்டை விட்டார்கள். அதற்கு மூணாம் நாள் லிவர்பூலுடன் பாதி ஆட்டத்தில் 2-1 என்று பின்தங்கியிருந்தார்கள். அப்புறம் ஹென்றி ஹாட்ரிக் அடித்து 4-2 ஆக்கினார். என்னைக் கேட்டால் அந்த அணியின் பெருமையே இந்த இடத்தில்தான். விழுந்து எழுந்திருக்கிறார்கள். விழுந்ததை மறந்துவிட்டால் எழுந்ததற்கு என்ன மதிப்பு?

சரி, வரலாறு போகட்டும். இந்தத் தடியால் அடி வாங்குவது நிஜ மனுஷங்க. அதுதான் விஷயம்.

2008 டிசம்பர் 6, விகன் ஆட்டம். காயத்திலிருந்து அப்போதுதான் திரும்பிய இம்மானுவேல் எபுவே, நஸ்ரிக்கு அடிபட்டதால் மாற்று ஆளாக உள்ளே வந்தார். அடிப்படையில் ரைட் பேக். ஆடச் சொன்னதோ இடது பக்க மிட்ஃபீல்டில். அன்றைக்கு அவர் தொட்டதெல்லாம் தப்பாகப் போனது. சொந்த ஸ்டேடியத்தில் சொந்த ரசிகர்களே கூச்சல் போட்டார்கள். கடைசியில் வெங்கர், மாற்று ஆளாக வந்தவரையே மாற்றி வெளியே எடுக்க வேண்டியதாகிவிட்டது. அவர் வெளியே போனதற்கு ஆரவாரம் வேறு. ஆட்டத்தில் ஆர்சனல் ஜெயித்தது என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

இதே எபுவேதான் 2006-ல் ரியல் மாட்ரிட்டையும் யுவென்டஸையும் ஒரு கோல்கூடப் போடவிடாமல் அனுப்பிய தடுப்பு வரிசையின் ரைட் பேக். அந்த வருஷம் பாரிஸில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்திலும் ஆடியவர். இன்றைக்கு ரசிகர்கள் கூடினால் எபுவே பெயரைச் சொன்னதும் எல்லார் முகத்திலும் சிரிப்பு. "என்ன ஜாலியான ஆளுய்யா!" என்கிறார்கள். இந்தப் பாசத்தில் கால்வாசி அந்த விகன் ஆட்டத்தன்று கிடைத்திருந்தால் அவருக்கு எவ்வளவு உதவியாக இருந்திருக்கும்?

கிரானித் ஜாக்கா விஷயத்தில் இது இன்னும் பச்சையாகத் தெரிந்தது. 2019 அக்டோபர் 27, கிரிஸ்டல் பேலஸ் ஆட்டம். கேப்டனையே வெளியே எடுத்தபோது கூச்சல். அவரும் காதில் கை வைத்துக் காட்டி, ஜெர்சியைக் கழற்றிக்கொண்டு நேராக உள்ளே போய்விட்டார். செய்தது சரியில்லைதான். ஆனால் சில நாள் கழித்து அவர் விட்ட அறிக்கையில், தன் மனைவி பற்றியும் குழந்தை பற்றியும் வந்த கேவலமான செய்திகளைச் சொல்லியிருந்தார். படித்தால் வயிற்றைப் பிசையும். கேப்டன் பதவியும் போனது. ஆள் கிளம்பிவிடுவார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். புதிதாக வந்த ஆர்டெட்டா பேசி நிறுத்திவைத்தார். 2023 மே 28, வுல்வ்ஸுக்கு எதிராக அவருடைய கடைசி ஆட்டம். ரெண்டு கோல் போட்டார். அதே ஸ்டேடியம் போகாதே போகாதே என்று பாடியது. அடுத்த சீசனில் லெவர்குசன் போய், ஒரு தோல்விகூட இல்லாமல் ஜெர்மன் லீக் கோப்பையை வாங்கினார்.

"காசு குடுத்து டிக்கெட் வாங்கறவனுக்குத் திட்ட உரிமை இல்லையா?" என்று கேட்பீர்கள். தாராளமாக இருக்கிறது. ஆட்டத்தை விமர்சிக்கலாம், டீம் செலக்‌ஷனைக் கிழிக்கலாம். வருகிற எல்லாரும் பெர்காம்ப் ஆகிவிடப் போவதும் இல்லை. 2001-ல் எவர்டனிலிருந்து ஏகப்பட்ட எதிர்பார்ப்போடு வந்த ஃபிரான்சிஸ் ஜெஃபர்ஸ், லீக்கில் மொத்தமே 4 கோல்தான் போட்டார். ஆனால் யார் பெர்காம்ப், யார் ஜெஃபர்ஸ் என்பது ஏழாவது ஆட்டத்தில் யாருக்குத் தெரியும்? வெங்கருக்கே தெரியாதே சார்!

வேறு மாதிரியும் இருக்க முடியும் என்பதற்கு நம்ம கிளப்பிலேயே சாட்சி உண்டு. 2023-ல் செல்சியிலிருந்து வந்த காய் ஹாவர்ட்ஸும் இப்படித்தான் கோல் இல்லாமல் திணறினார். செப்டம்பர் 30, போர்ன்மவுத்தில் ஒரு பெனால்டி கிடைத்தபோது சக ஆட்டக்காரர்கள் பந்தை அவரிடம் கொடுத்தார்கள். கோல் விழுந்ததும் மொத்த அணியும் ஓடிவந்து கட்டிக்கொண்டது. வெளியூர் வந்திருந்த ரசிகர்களும் அவர் பெயரைச் சொல்லிப் பாடினார்கள். அந்த சீசன் முடிவில் லீக்கில் 13 கோல்.

நினைவுகூர்வது எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு என் மனசில் இருப்பது ரோகாஸல்தான். 1989, 1991 லீக் கோப்பை அணிகளில் இருந்தவர். 1992-ல் லீட்ஸுக்கு விற்றுவிட்டார்கள். 2001 மார்ச் 31-ம் தேதி புற்றுநோயால் காலமானார். வயது 33. அன்றைக்கே ஹைபரியில் டாட்டன்ஹாம் ஆட்டம். ஆர்சனல் 2-0 ஜெயித்தது. அவர் ஆட்டத்தை நேரில் பார்க்காத தலைமுறைகூட அவர் பெயரைப் பாடியிருக்கிறது. அவர் பெயரைச் சொல்லி யாரையும் மட்டம் தட்டி நான் கேட்டதில்லை. அவரைப் பற்றிச் சொல்லும்போது, இந்த ஜெர்சியைப் போடுவதை எவ்வளவு பெரிசாக நினைத்தார் என்றுதான் சொல்கிறார்கள். கேட்கிற சின்னப் பையனுக்கு அது தெம்பு கொடுக்கும்.

அதனால் மக்களே, கொசுவர்த்தி சுத்த வேண்டாம் என்று சொல்லவில்லை. நல்லா சுத்துங்க. ஆரம்பத்திலிருந்து சுத்துங்க. புதுசாக வந்த ஒருத்தன் ஆறு மேட்ச் கோல் போடாமல் முழிக்கும்போது, பக்கத்தில் யாராவது "ஹென்றியா இருந்தா இந்நேரம்..." என்று ஆரம்பித்தால், "அவரும் எட்டு மேட்ச் போடலைங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு ஆட்டத்தைப் பாருங்கள்.