நீருக்கு எல்லைக்கல் நடலாமா?

1960 ஏப்ரலில் சத்தியவேடு ஆந்திரத்தோடும் திருத்தணி தமிழகத்தோடும் சேர்ந்தன. மொழியை முன்வைத்து நிலத்தைப் பிரித்தோம். நீரைப் பிரிக்க இயலவில்லை. பழவேற்காடு ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில், இன்றைய திருப்பதி மாவட்டத்துத் தடா, சூளூர்ப்பேட்டையை ஒட்டி விரிகிறது, தென்பகுதி தமிழகத்தில். உவர்ப்பின் ஏற்ற இறக்கத்தைப் பின்தொடரும் இறாலுக்கு இக்கோடு தெரியாது. கோட்டைக் கடக்கும் மீனவரோ அத்துமீறியவர் ஆகிவிடுகிறார்.

தென்கரை மீனவரிடம் ‘பாடு’ என்றொரு முறை உண்டு. வலை கட்டும் இடங்களைக் குலுக்கலிட்டு, முறைவைத்துப் பகிர்ந்துகொள்வது அது. உழைப்பையும் துன்பத்தையும் குறிக்கும் அச்சொல் அங்கே உரிமையையும் குறிக்கிறது. அது குறையற்றதன்று, பிறந்த சாதியைப் பார்த்தே பங்கு தருகிறது. ஆயினும் நீரில் உரிமை என்பது இடமன்று, முறையே என்னும் அறிவு அதில் உள்ளது.

கான்ஸ்டன்ஸ் ஏரியைச் சூழ்ந்த நாடுகள் 1893இலேயே பிரெகென்ஸ் நகரில் மீன்பிடிக்குப் பொதுவிதிகள் வகுத்தன. தனித்தனி நாடுகளுக்கு இயன்றது, ஒரே நாட்டின் இரு மாநிலங்களுக்கு இயலாதா? உரிமச்சீட்டை மாநிலத்தின் பெயரால் அன்று, ஏரியின் பெயரால் வழங்குக. அதன் விதிகளை இரு கரை மீனவரும், பாட்டில் இடம்பெறாதோரும் உடனமர்ந்து, தமிழிலும் தெலுங்கிலும் எழுதுக.